கொழுந்தைப் படம் எடுத்தாயிற்று, எந்த லைப்ரரியில் அளப்பது?

பொல்பிட்டிய, கினிகத்தேனை, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மழைக்குப் பஞ்சமில்லை. அந்தத் தண்ணீரை நம்பித்தான் 1969இல் பொல்பிட்டிய நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதே ஈரமும் மூட்டமும் தேயிலையின் கொப்புள நோய்க்கும் தோதானவை. 1946இல் இலங்கைக்கு வந்த இந்தப் பூஞ்சை முற்றின இலையை விட்டுவிட்டு, கூடைக்குப் போக வேண்டிய இளங்கொழுந்தையே பிடிக்கும். இலையில் எவ்வளவு பரப்பு நோய்ப்பட்டிருக்கிறது என்று போன் படத்தை வைத்துக் கணிப்பது, உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு நல்லதொரு செயற்றிட்டம். அதற்கு எந்த நிரல் லைப்ரரி என்று கேட்டால் பலரும் ஓப்பன்சிவி என்பார்கள். இந்த வேலைக்கு நான் அதை முதலாவதாகச் சொல்லமாட்டேன்.

ஓப்பன்சிவி பெரிய கருவி, சந்தேகமில்லை. 1999இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கியது, சி++ மொழியில் எழுதப்பட்டது, ஓடும் வீடியோவுக்கே ஈடுகொடுக்கும். ஆனால் அது நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கிறது. இங்கே சொல்லப்போகும் மற்ற லைப்ரரிகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று வைக்கின்றன. வரிசை மாறிப்போனால் மனித முகத்தில் உடனே தெரிந்துவிடும், தோல் நீலம் பாய்ந்து நிற்கும். தேயிலையில் தெரியாது. பச்சை நடுவில் இருப்பதால் இலை ஏறக்குறையப் பச்சையாகவே இருக்கும். நோயின் தொடக்கத்தில் வரும் மஞ்சள் புள்ளி மட்டும் நீலப்பச்சையாகி இலையோடு கலந்துவிடும். தேடிப்போன பொருளே கண்ணுக்கு மறைந்துபோகும்.

சாயல் எண்களிலும் இதே சிக்கல் உண்டு. நிறவட்டத்தில் பச்சை 120 பாகையில் இருக்கிறது. ஓப்பன்சிவியில் அது 60; பில்லோ என்ற லைப்ரரியில் 85, சைகிட்-இமேஜ் என்ற லைப்ரரியில் 0.33. ஒன்றுக்காக எழுதிய எல்லை எண்ணை இன்னொன்றில் போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் பிழைக்கும். அதனால் இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரலைப் பிரதி எடுக்குமுன் அது எந்த லைப்ரரிக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள்.

அளவெடுக்க என் தெரிவு சைகிட்-இமேஜ். அறிவியல் வேலைக்கென்றே 2009இல் தொடங்கிய பைதான் லைப்ரரி இது. ஒட்சு முறையில் பின்னணியிலிருந்து இலையைப் பிரிக்கலாம். ஒவ்வொரு நோய்ப்புள்ளியின் பரப்பையும் வடிவத்தையும் அட்டவணையாகவே எடுக்கலாம். ஓப்பன்சிவியை விட மெதுவானது. நூறு இலைப் படத்துக்கு அது ஒரு குறையே அல்ல. டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு ஒரு சொல்: இது சைபை, நம்பை போன்றவற்றையும் கூடவே இறக்கும், ஆகவே சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் ஒரேயடியாக இறக்கிக்கொள்ளுங்கள்.

லைப்ரரியைவிடப் படம் எடுக்கும் விதமே முடிவைக் கூடுதலாக மாற்றும். நனைந்த இலையில் வானம் பளபளத்தால் அந்த வெள்ளையையும் கொப்புளத்தின் வெள்ளையையும் எந்த லைப்ரரியாலும் நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இலையை ஒற்றித் துடைத்து, நிழலில், நீலத் தாளின் மேல் வைத்து, பக்கத்தில் அடிமட்டம் போட்டு எடுங்கள். வெண்மையான கொப்புளம் பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில்தான் இருக்கும், ஆகவே இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். வெள்ளைத் தாள் வேண்டாம், ஓரத்துக் கொப்புளம் தாளோடு சேர்ந்துவிடும்.

பில்லோ, 1995இல் வந்த பழைய பைதான் பட லைப்ரரியின் வழித்தோன்றல். படத்தைச் சுருக்க, வெட்ட, போனில் சரிந்த படத்தை நிமிர்த்த இதுவே போதும், இறக்குவதற்கும் சிறியது. நமக்கு இதில் இன்னொரு பெரிய பயன் தமிழ். ஓப்பன்சிவியின் எழுத்துக் கட்டளைக்குத் தமிழ் வராது, கேள்விக்குறிகளை வரிசையாகப் போடும். விண்டோஸில் கோப்புக்குக் ‘கொழுந்து’ என்று பெயர் வைத்தால் படத்தைத் திறக்காமல் வெறுமையைத் திருப்பித் தரும். பில்லோ தமிழ் எழுத்துருவை ஏற்றுக்கொள்ளும். ஆனால் ராக்ம் என்ற துணைப்பகுதி வேலை செய்கிறதா என்று முதலில் சோதித்துவிடுங்கள்; அது இல்லாவிட்டால் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும்.

பழைய செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) பக்கங்களைப் பெரிய அளவில் ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள் லிப்விப்ஸ் என்ற லைப்ரரியைப் பாருங்கள். முழுப் படத்தையும் நினைவகத்தில் ஏற்றாமல் பகுதி பகுதியாக ஓட்டும், பழைய மடிக்கணினிக்கும் ஏற்றது. இந்த நான்கும் இலவசம். வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், லிப்விப்ஸின் உரிமத்தில் மட்டும் கூடுதல் நிபந்தனைகள் உண்டு.

ஓப்பன்சிவி எப்போது? கொழுந்து மடுவத்தில் தராசுக்கு மேல் கமரா பொருத்தி, இரண்டு இலையும் மொட்டுமாய் எவ்வளவு, முற்றின இலை எவ்வளவு என்று அங்கேயே பார்க்க வேண்டும் என்றால் அதுதான் சரி. இனங்காண்பதற்குத் தனியாகப் பயிற்றிய மாதிரி வேண்டும். அந்த மாதிரியை ஓட்டும் வசதி ஓப்பன்சிவியிலேயே உண்டு. ஆனால் மடுவத்தில் வரும் எண் ஒருவரின் சம்பளத்தில் கைவைக்கும் எண். கொழுந்து பறித்தவர் அந்தப் படத்தையும் கணக்கையும் தன் மொழியில் பார்க்க வேண்டும், அதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. ஆகவே ஓப்பன்சிவி தரும் படத்தின் நிற வரிசையை மாற்றி, பில்லோவிடம் கொடுத்து, தமிழில் எழுதிய பிறகே திரையில் காட்டுங்கள்.