"செரிங்க" என்னும் சொல்

சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு நாளில் மிகுதியாக வழங்கும் சொல் எது என்று எவரேனும் வினவினால், "செரிங்க" என்றே நாம் விடை கூறுவோம். தறிக்காரரிடம் பாவு ஒப்படைக்கப்படும்போதும் செரிங்க. மஞ்சள் மூட்டைக்கு விலை பேசப்படும்போதும் செரிங்க. சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கப்பட்டதும் பின்வரிசையிலிருந்து எழுவதும் அதுவே. இத்துணை எளிய சொல்லுக்கு ஒரு பாடம் எதற்கு என்று அங்கத்தினர்கள் எண்ணக்கூடும். பணமும் சரக்கும் கைமாறும் இடத்தில் இச்சொல்லுக்கு உள்ள கனத்தைக் கண்டபின் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

ஏட்டில் "சரி" என்று எழுதப்படுவதே நம் வாயில் "செரி" என்றாகிறது. அதனோடு மரியாதைக்குரிய "ங்க" சேர்ந்துகொள்கிறது. சரி என்பதன் அடிப்படைப் பொருள் சமம் என்பதாகும். சரிபாதி, சரிசமம், சரிக்குச் சரி என்னும் வழக்குகளில் அப்பொருள் இன்றும் விளங்குகிறது. தராசின் இரு தட்டுகளும் நேராக நின்றால் சரி. ஒப்புக்கொள்ளுதலும் இவ்வாறே, ஒப்பு என்றாலும் சமம்தான், அதிலிருந்தே கையொப்பமும் வந்தது. ஆகவே "சரி" என்பவர், "உம்முடைய எண்ணமும் என்னுடைய எண்ணமும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன" என்று கூறுகிறார். (அடுக்கிய மூட்டை சரிந்தது என்கிறோமே, அந்தச் "சரி" வேறு சொல். ஆயினும் இரண்டுக்கும் எழுத்து ஒன்றாயிருப்பது நமக்குச் சற்று நகைப்பைத் தருகிறது.)

இளைஞர்கள் இப்பொழுது "ஓகே" என்கிறார்கள். அதுவும் பொருளில் நம் சொல்லுக்கு உடன்பிறப்பே. 1839ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் செய்தித்தாள் ஒன்றில், "ஆல் கரெக்ட்" என்பதை வேண்டுமென்றே எழுத்துப்பிழையுடன் எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் வேடிக்கையாக அச்சிட்டார்கள். ஆலன் வாக்கர் ரீட் என்னும் மொழியறிஞர் 1960களில் இதைத் தேடிக் கண்டு வெளியிட்டார். ஆல் கரெக்ட் என்றால் எல்லாம் சரி என்பதே.

இனி நம் பாடத்தின் நடுவிடத்துக்கு வருவோம். நம் பேச்சில் செரிங்க என்பது எப்பொழுதும் உடன்பாட்டைக் குறிப்பதில்லை. பெரியவர் ஒருவர் நெடுநேரம் பேசுகையில் இடையிடையே நாம் செரிங்க என்பது, "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கு அடையாளம். "இந்த வருஷம் மழை போதாது" என்பவரிடம் செரிங்க என்றால், "நீர் சொல்வது உண்மை" என்று பொருள். "வெள்ளிக்கிழமை பத்துச் சேலை முடித்துக் கொடுத்துவிடு" என்பவரிடம் அதே சொல்லைச் சொன்னால் அது வாக்குறுதி. பேச்சை முடித்து எழுந்துபோவதற்காகச் சொல்லப்படும் செரிங்க ஒன்றும் உண்டு. "செரிங்க, அப்ப வர்றேனுங்க" என்பதில் உடன்பாடு எதுவும் இல்லை. சொல்பவர் ஒரு பொருளில் சொல்லக் கேட்பவர் மற்றொரு பொருளில் கொண்டால், வழக்கு அங்கே முளைக்கிறது.

கனடா நாட்டில் இத்தகைய வழக்கு ஒன்று நடந்தது. சஸ்காச்சுவான் மாகாணத்தில் 2021 மார்ச் மாதம் தானிய வணிக நிறுவனம் ஒன்று, 86 டன் ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்தைக் கையொப்பமிட்டுப் படமெடுத்து, ஒரு விவசாயிக்குக் கைபேசியில் அனுப்பி, உறுதி செய்யும்படி கேட்டது. விலை புஷல் ஒன்றுக்கு 17 டாலர். விவசாயி கட்டைவிரலை உயர்த்திய சின்னத்தை மட்டும் பதிலாக அனுப்பினார். நவம்பரில் சரக்கு கொடுக்கவேண்டிய வேளையில் விலை 41 டாலராக உயர்ந்திருந்தது, சரக்கு வரவில்லை. "ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்பதற்கே விரலைக் காட்டினேன், இசைந்தேன் என்பதற்கன்று" என்பது விவசாயியின் வாதம். நாம் "கேட்டுக்கொண்டேன்" என்னும் பொருளில் சொல்லும் செரிங்க அல்லவா அது! ஆனால் முன்னைய ஒப்பந்தங்களுக்கும் அவர் ஓகே என்றும், ஆமென்றும் ஓரிரு சொற்களில் பதில் அனுப்பிவிட்டு, தவறாமல் சரக்கு கொடுத்துவந்தவர். அந்தப் பழக்கத்தையே நீதிமன்றம் சான்றாகக் கொண்டது. 82,000 டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகையை இழப்பீடாகக் கொடுக்கும்படி 2023இல் தீர்ப்பாயிற்று. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நம் நாட்டில் இதற்கு வழிகாட்டுவது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். இருவர் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒப்புக்கொண்டால்தான் அது இசைவு என்று அதன் 13ஆம் பிரிவு கூறுகிறது. தராசின் இரு தட்டு என்று மேலே கூறினோமே, அதுவே இது. ஏற்பு முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இருக்கவேண்டும் என்பது 7ஆம் பிரிவு. ஆகையால் "செரிங்க, பார்க்கலாமுங்க" என்பது ஏற்பு ஆகாது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவோர் வாயைத் திறப்பதே இல்லை. ஆயினும் விரல்கள் தொகையைத் தெளிவாகக் கூறிவிடுவதால் அங்கே ஐயத்துக்கு இடம் குறைவு.

அங்கத்தினர்கள் மிகவும் விழிப்புடன் இருக்கவேண்டிய இடம் ஜாமீன். அது எழுத்தில் இருந்தாலும் வாய்மொழியாக இருந்தாலும் செல்லும் என்கிறது 126ஆம் பிரிவு. வேறுவிதமாகப் பேசிக்கொண்டாலன்றி, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரரின் பொறுப்பு என்கிறது 128ஆம் பிரிவு. ஒரு நெசவாளர் நூல் கடையில் கடனுக்கு நூல் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் உடன் வந்தவரை நோக்கி, "அவர் கொடுக்காட்டி நீங்க கொடுத்துருவீங்கல்லங்க?" என்று கேட்கிறார். உடன் வந்தவர் தாட்சணியத்தால் செரிங்க என்கிறார். நூல் கட்டு கைமாறுகிறது. அவர் எதை நினைத்துச் சொன்னார் என்பது அவர் மனத்துக்குள் இருக்கிறது. கடைக்காரர் காதில் விழுந்தது வேறு.

அத்தகைய இடத்தில் மரியாதை குறையாமலே சொல்லத்தக்க சொற்கள் நம் பேச்சில் உண்டு. "கேட்டுக்கிட்டேனுங்க, எவ்வளவு தொகை, எத்தனை நாள்னு சொல்லுங்க, வூட்ல கலந்துட்டு நாளைக்குச் சொல்றேனுங்க" என்று கூறலாம். அதிலும் இரண்டுக்கு மேற்பட்ட "ங்க" இருக்கின்றன, கடைக்காரர் கோபிக்கமாட்டார்.