இருநிலைத் துடிமீன்கள்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே திருவரங்கத்தையும் திருவானைக்காவையும் தாங்கிக் கிடக்கும் தீவு நம் திருச்சிராப்பள்ளி மாணவர்க்கு நன்கு தெரிந்ததே. அத்தீவின்கண் திருவானைக்காவில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பிறந்தவர் ஸர் சி. வி. இராமன். அவர் தமையனார் மைந்தர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இராமனின் புதல்வர் வெங்கட்ராமன் இராதாகிருஷ்ணன். இவ்விருவர் பெயரும் வந்து பொருந்தும் வானநூற் செய்தி ஒன்றனை ஈண்டு எடுத்துரைக்கக் கருதினோம்.

பெருவிண்மீனின் எரிபொருள் தீர்ந்தபின், அதன் கரு, சந்திரசேகர் 1930-இல் கணித்த நிறை எல்லையைக் கடக்குமாயின், தன் பாரத்தாலேயே இடிந்து சுருங்கி நியூட்ரான் விண்மீன் ஆகும். அதன் நிறை சூரியனைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. குறுக்களவோ 20 முதல் 25 கிலோமீட்டர். முக்கொம்பிலிருந்து கல்லணை வரை நீளும் நம் தீவின்மேல் வைத்தால் நீளத்தில் அடங்கிவிடும். (வைத்தபின் தீவு இராது என்பது வேறு செய்தி.) அது சுழலுங்கால் அதனின்று எழும் ரேடியோக் கற்றை, கலங்கரை விளக்கின் ஒளிபோல், நம்மேற் பட்டுப் பட்டு விலகும். ஆதலின் அதனைப் பல்ஸார் என்பர். நாம் துடிமீன் என்போம். 1967-இல் ஜோஸலின் பெல் அம்மையார் இதனை முதன்முதற் கண்டார்.

துடிமீன் வயது முதிர முதிர மெல்லச் சுழல்வதே இயல்பு. ஆயின் 1982-இல் நொடிக்கு 642 முறை சுழலும் துடிமீன் ஒன்று அறியப்பட்டது. அதன் காந்தமோ முதிர்ந்த விண்மீனின் காந்தம்போல் மிக மெலிந்திருந்தது. முதுமையும் விரைவும் ஓரிடத்தில் எங்ஙனம் கூடின? பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் இராதாகிருஷ்ணனும் ஜி. ஸ்ரீநிவாசனும் அவ்வாண்டே விடை கூறினர். அல்பர் முதலியோரும் தனியே அக்கருத்திற்கே வந்தனர். அருகிற் சுற்றும் துணை விண்மீனினின்று வழியும் வாயு, ஒரு தட்டுப்போற் சுழன்று உள்ளே வீழ்ந்து, குயவன் திகிரியைக் கோலால் உந்துவதுபோல் முதிய விண்மீனை உந்திவிடுகிறது என்பதே அவ்விடை. வாயு வீழுங்கால் எக்ஸ் கதிர் பிறக்கும். நின்றபின் ரேடியோத் துடிப்புத் தோன்றும்.

கருத்து அழகியதுதான். ஆயினும் ஒரே விண்மீன் அந்நிலையினின்று இந்நிலைக்கு மாறுவதைக் கண்ணாரக் கண்டாரிலர். அதற்கு ஏறக்குறைய இருபத்தேழு ஆண்டு காத்திருக்க நேர்ந்தது.

2009-இல் ஆன் ஆர்ச்சிபால்டு அம்மையாரும் அவர் குழுவினரும் ஜே1023+0038 என்னும் துடிமீனைப்பற்றி வெளியிட்டனர். நொடிக்கு 592 சுழற்சி. துணைவனுடன் சுற்ற 4.75 மணி. அதே இடத்தில் 2001-இல் வாயுத்தட்டின் அடையாளம் காணப்பட்டிருந்தது! 2013 ஜூனில் அதன் ரேடியோத் துடிப்பு மறைந்தது, தட்டு மீண்டது, எக்ஸ் கதிர் பன்மடங்காயிற்று. எம்28 என்னும் விண்மீன் கூட்டத்திலோ, முன்பே ரேடியோவில் அறியப்பட்ட ஒரு துடிமீன் 2013 மார்ச்சில் எக்ஸ் கதிரில் வெடித்தெழுந்து, அதே 3.93 மில்லிநொடிக் கணக்கில் துடித்து, சில வாரங்களில் ரேடியோவுக்குத் திரும்பிவிட்டது. எக்ஸ் கதிர்கள் வளிமண்டலத்தைக் கடந்து தரைக்கு வாரா ஆதலின், அத்துடிப்பைக் கண்டது எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் என்னும் விண்கலமே.

மூன்றாவதில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. ஜே1227-4853 எக்ஸ் கதிர் மூலமாகவே எண்ணப்பட்டு வந்தது. 2012-இன் இறுதியில் அதன் தட்டு மறைந்தது. புனா நகருக்கு வடக்கே கோடத் என்னும் ஊரில் 45 மீட்டர் அகலமுள்ள முப்பது கிண்ணங்களால் ஆகிய ரேடியோத் தொலைநோக்கியை அப்பக்கம் திருப்பியபோது 1.69 மில்லிநொடித் துடிப்பு வெளிப்பட்டது.

கோடையில் அம்மா மண்டபத்துறையில் மணல் தெரியும். ஆடியில் நீரே தெரியும். ஆறு ஒன்றே. உவமை இம்மட்டே செல்லும். காவிரி மணல் நீரை எதிர்த்துத் தள்ளாது. துடிமீனோ தன் ரேடியோக் காலத்திற் பெருங்காற்று வீசி வாயுவை வெளியே தள்ளும். வாயு மிகுந்தால் தட்டு உட்புகும். குறைந்தால் காற்று வெல்லும்.

எனினும் தட்டு நிலையிலும் இவை அமைதியாய் இருப்பதில்லை. ஜே1023-இன் எக்ஸ் கதிர் சில நொடிகளில் உயர்நிலைக்கும் தாழ்நிலைக்கும் மாறி மாறித் தாவுகிறது. உயர்நிலையில் அக்கதிர் துடிக்கிறது. தாழ்நிலையில் துடிப்புக் காணப்படவில்லை. 1999-இல் செலுத்தப்பெற்றுச் சந்திரசேகர் பெயரால் 'சந்திரா' என வழங்கும் எக்ஸ் கதிர் விண்கலமும் அமெரிக்க ரேடியோக் கிண்ணங்களும் ஒரே வேளையில் நோக்கியதில், எக்ஸ் கதிர் தாழுந்தோறும் ரேடியோ ஒளி உயர்தல் தெரிந்தது. அது 2018-இல் வெளியாயிற்று. வாயு விண்மீனின் முனைகளில் வீழ்வதே உயர்நிலைத் துடிப்பிற்குக் காரணம் என்பர் ஒரு சாரார். வாயு வீழ்வதேயில்லை, துடிமீனின் காற்று தட்டின் உள்விளிம்பில் மோதுவதாற் பிறக்கும் ஒளியே அது என்பர் மற்றொரு சாரார். கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் அதே துடிப்பு உண்டென 2017-இல் வெளியான செய்தி பின்னவர்க்கே வலிவு தருவதென நமக்குத் தோன்றுகிறது; வீழும் வாயுவினின்று அத்துணை ஒளி பிறத்தல் அரிது.