இரண்டு ரசீதில் ஒரு நேர்க்கோடு

பத்தாம் வகுப்புக் கணக்கில் 'நேர்க்கோட்டின் சமன்பாடு' என்று ஒரு பாடம் உண்டு. பரீட்சை முடிந்ததும் நம்மில் பலர் அதை மறந்திருப்போம். ஆனால் லாரி வாடகை ரசீதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பாடம் நமக்குத் தேவைப்படுகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரே ஊரிலிருந்து, ஒரே லாரி ஆபீஸ் மூலம் இரண்டு தடவை சர்க்கரை வரவழைக்கிறோம். முதல் தடவை 20 மூட்டைக்கு வாடகை ரூ.700. அடுத்த தடவை 50 மூட்டைக்கு ரூ.1,450. கடைசி ரசீதை வகுத்து, "மூட்டைக்கு 29 ரூபாய்" என்று அடக்கவிலையில் சேர்த்துவிடுகிறோம். ஆனால் முதல் ரசீதை வகுத்தால் 35 ரூபாய் வருகிறதே! ஒரே சரக்கு, ஒரே தூரம். ஏன் இந்த வித்தியாசம்?

வாடகைக்குள் இரண்டு பகுதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று, மூட்டைக்கு மூட்டை கூடுவது. மற்றொன்று, எத்தனை மூட்டை போட்டாலும் மாறாத தொகை. இவற்றைப் பிரிப்பது எளிது.

முதலில், மூட்டை 30 கூடியபோது வாடகை ரூ.750 கூடியது. 750-ஐ 30-ஆல் வகுத்தால் 25. இதுதான் 'சாய்வு', அதாவது, மூட்டை ஒன்றுக்கு உண்மையான வாடகை.

அடுத்து, 20 மூட்டைக்கு 25 வீதம் ரூ.500. ரசீதில் உள்ளது 700. மீதி ரூ.200 மாறாத தொகை. இதற்கு 'வெட்டுத்துண்டு' என்று பெயர்.

ஆக, நம் சமன்பாடு:

வாடகை = (25 × மூட்டை) + 200

50 மூட்டைக்குப் போட்டுப் பார்த்தால் 1,250 + 200 = 1,450. சரியாக வருகிறது. வரைபடத்தாளில் இரண்டு ரசீதையும் இரண்டு புள்ளிகளாக வைத்து இணைத்தாலும் இதே நேர்க்கோடுதான். கோட்டையும் சமன்பாட்டையும் இப்படி இணைக்கும் முறையை பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் 1637-ல் தம் நூலில் வெளியிட்டார்.

இதனால் நமக்கு என்ன லாபம்? பணமுடையில் 10 மூட்டை மட்டும் வரவழைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 250 + 200 = ரூ.450; மூட்டைக்கு 45 ரூபாய். பழைய 29 ரூபாயையே அடக்கத்தில் போட்டால் மூட்டைக்கு 16 ரூபாய் கைநஷ்டம். 50 கிலோ மூட்டையில் கிலோவுக்கு 32 காசு! சர்க்கரையில் நமக்கு நிற்கும் லாபத்தில் 32 காசு சிறிய தொகையா?

இன்னொரு லாரி ஆபீஸில் மாறாத தொகை இல்லை, மூட்டைக்கு 30 ரூபாய் என்கிறார்கள். எது மலிவு? முதல் இடத்தில் மூட்டைக்கு 5 ரூபாய் குறைவு. ஆனால் 200 ரூபாய் கூடுதல். 200-ஐ 5-ஆல் வகுத்தால் 40. சரியாக 40 மூட்டைக்கு இரண்டிலும் ரூ.1,200. அதற்குக் குறைந்தால் புதிய இடம், கூடினால் பழைய இடம்.

ஓர் எச்சரிக்கை. எந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்துவிடலாம். எனவே மூன்றாவது ரசீதை வைத்துச் சோதிப்பது அவசியம். 80 மூட்டைக்கு ரூ.2,200 வர வேண்டும். வராவிட்டால் வாடகை வீதம் மாறியிருக்கலாம், அல்லது கூட்டலில் பிழை இருக்கலாம். உடனே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அளவு கூடக் கூட வீதமும் மாறும் கட்டணங்களுக்கு இந்த ஒரே கோடு பொருந்தாது.

இன்று கடை அடைக்குமுன், ஒரே லாரி ஆபீஸின் மூன்று ரசீதுகளை எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போமே!