விளிம்பை மடித்தால் டயருக்கு வழி

1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 இரண்டே பேர் உட்காரும் சின்ன கார். கம்பெனி கொடுத்த சக்கரம் 14 அங்குல விட்டம், 5.5 அங்குல அகலம். இப்போது இதை ரேஸ் டிராக்குக்கு எடுத்துப் போகிறவர்கள் பலரும் 15 அங்குல விட்டமும் 8 அங்குல அகலமும் உள்ள அலாய் வீல் போடுகிறார்கள். வளைவில் பிடிமானம் கூடுகிறது, பார்க்கவும் கார் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் முதல் பள்ளத்தில் இறங்கியதுமே டயரின் தோள் ஃபெண்டரில் உரசும் சத்தம் கேட்கும்.

உரசுவது பெரும்பாலும் ஃபெண்டரின் வெளித்தகடு அல்ல. சக்கர வளைவின் ஓரத்தில் தகடு உள்நோக்கி மடிந்து, ஏறக்குறைய ஒரு விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புதான். அதை மேல்நோக்கி மடித்து ஒட்டவைப்பதைத்தான் ஃபெண்டர் ரோலிங் என்கிறார்கள்.

கருவியைத் தொடும் முன் கணக்குப் போட வேண்டும். சக்கரம் ஹப்பில் பதியும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதே ஆப்செட். எம்எக்ஸ்-5-ன் பழைய சக்கரத்துக்கு அது 45. புதிய 8 அங்குலச் சக்கரத்துக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். அகலம் 2.5 அங்குலம், அதாவது 63.5 மி.மீ. கூடுகிறது. அதில் பாதி, சுமார் 32 மி.மீ., ஒவ்வொரு பக்கமும் போகும். ஆப்செட் 20 குறைந்ததால் வெளிப்பக்கம் ரிம் 52 மி.மீ. முன்னேறுகிறது, உள்பக்கம் 12 மி.மீ. மட்டுமே. அந்த 12 மி.மீ.-க்கு ஸ்பிரிங் பக்கமும் சஸ்பென்ஷன் கை பக்கமும் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஃபெண்டர் பேச்சே வர வேண்டும். டயரின் உயரத்தையும் விடக் கூடாது. பழைய 185/60 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 578 மி.மீ.; 195/50 ஆர்15 போட்டால் 576. இதுவே 205/50 ஆர்15 என்றால் 586 ஆகிவிடும்.

அடுத்தது, எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிப்பது. காரை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக் அப்சார்பரை மட்டும் மாட்டி, சக்கரத்தைப் பூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கி வைத்து பம்ப் ஸ்டாப் அழுந்தும் வரை தூக்க வேண்டும். டயரின் தோளில் சாக்பீஸ் பூசி, முன்பக்கம் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பினால், உரசும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும். முன் ஃபெண்டரும் பம்பரும் சேரும் முனையைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மேல் வளைவை மட்டும் பார்த்துவிட்டு இந்த மூலையை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

சில சமயம் தகட்டை மடிக்கவே தேவையிருக்காது. எம்எக்ஸ்-5-ல் நாலு சக்கரத்துக்கும் கேம்பர் மாற்றலாம். டயரின் தலைப்பகுதியை ஒரு டிகிரி உள்ளே சாய்த்தால் மேல் விளிம்பில் சுமார் 5 மி.மீ. இடம் கிடைக்கும். போதவில்லை என்றால் ரோலரை எடுக்கலாம்.

சக்கரத்தைக் கழற்றி, லைனரையும் விளிம்பில் இருக்கும் திருகுகளையும் எடுத்துவிட வேண்டும். உள்மடிப்பில் படிந்த மண்ணையும் கெட்டிப் பூச்சையும் சுரண்டி எடுக்காவிட்டால் ரோலர் அவற்றின் மேல் ஏறி இறங்கித் தகட்டில் அலை விழும். வெளித்தகட்டில் காந்தம் வைத்துப் பார்ப்பது அவசியம். காந்தம் பிடிக்காத இடத்தில் முன்பே பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மடிக்கும்போது அது கண்டிப்பாக விரியும். பெயிண்டர் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஃபெண்டர் ரோலரை வீல் நட்டுகளாலேயே ஹப்பில் பூட்டலாம். அதன் கை வளைவை ஒட்டிப் போகிற மாதிரி நீளத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டியபடி பெயிண்ட்டைச் சூடாக்க வேண்டும். சுமார் 60 டிகிரி செல்சியஸ் போதும். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் ஊகம் தேவையில்லை. குளிர்ந்த பெயிண்ட் நூல் நூலாக வெடிக்கும். இளகிய பெயிண்ட் தகட்டோடு சேர்ந்து வளையும். முதல் நடையில் விளிம்பு லேசாகச் சாய்ந்தாலே போதும். பிறகு ரோலரைக் கால் சுற்று இறுக்கி, மறுபடி சூடாக்கி, அடுத்த நடை. அவசரப்பட்டு ஒரே நடையில் மடித்தால் வெளித்தகடு புடைத்துக்கொள்ளும். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே பேஸ்பால் மட்டையைச் செருகிக் காரை உருட்டுவதும் உண்டு. செலவில்லாத அந்த வழியில் தகடு எங்கே நெளியும் என்பது கையில் இல்லை.

முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்கும் ஒற்றைத் தகடு. கெட்டால் மாற்றிவிடலாம். பின்பக்கம் அப்படியில்லை. உள்தகடும் வெளித்தகடும் அந்த விளிம்பில்தான் ஸ்பாட் வெல்டிங்கில் சேர்கின்றன. அங்கே கட்டர் வைத்து நறுக்கினால் உடலின் பிணைப்பே பிரியும், நீர் புகும், துரு பிடிக்கும். பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள படிப்பகுதி துருப்பிடிப்பது பழைய எம்எக்ஸ்-5-க்கு ஏற்கெனவே பேர்போன நோய். நறுக்கத்தான் வேண்டும் என்றால் இரு தகட்டையும் மறுபடி வெல்டு வைத்து மூட வேண்டும். அது தேர்ந்த டிங்கரின் வேலை.

பெரிய சக்கரத்துக்காக ஃபெண்டரை மாற்றுவதைக் கார் கம்பெனிகளே செய்திருக்கின்றன. ராலிப் பந்தயத்தில் லான்சியா டெல்டாவின் குறுகிய வளைவுக்குள் பெரிய சக்கரம் அடங்கவில்லை. அதனால் 1987-ல் புடைத்த ஃபெண்டர்களோடு டெல்டா இன்டெக்ராலே வந்தது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜப்பானில் 2017-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, பயணிகள் காரில் டயர் மட்டும் 10 மி.மீ.-க்குள் வெளியே நீட்டலாம். ரிம் நீட்டக் கூடாது. இந்தியாவில் அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவின்படி, உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

மடித்து முடித்ததும் விரிசல் விட்ட இடங்களில் பிரைமர் அடித்து, பின் விளிம்பின் இணைப்பில் சீம் சீலர் தடவிக் காயவிட வேண்டும். ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டி, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் 88 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்க வேண்டும். பிறகு மறுபடி சாக்பீஸ் பூசி, டிக்கியில் பாரம் ஏற்றி, வேகத்தடையில் குறுக்காக மெல்ல ஏறி இறங்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ரிவர்ஸும் எடுத்துப் பார்க்க வேண்டும். கோடு விழவில்லை என்றால் லைனரை மாட்டலாம். 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை இன்னொரு முறை சோதிக்க வேண்டும்.