நீரிறைக்கும் எஞ்சினை வீட்டிலேயே பேணும் முறை

பயிருக்கு நீர் உயிர். தம்புள்ளைப் பகுதி வரண்ட வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரையுள்ள பெரும்போகக் காலத்திலேயே இங்கு பெய்கின்றது. சிறுபோகத்தில் குளத்து நீர் எட்டாத மேட்டுநிலங்களிற் பெரிய வெங்காயம், மிளகாய், கத்தரி முதலியவற்றைச் செய்கை பண்ணுவோர்க்கு விவசாயக் கிணறே துணை. நெல் வயலுக்கும் வாய்க்கால் நீர் குறையும் நாட்களில் இக்கிணறு கைகொடுக்கின்றது. 1999 ஆம் ஆண்டில் தம்புள்ளையிற் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பின்னர், இங்கு விளையும் மரக்கறிக்கு நாடெங்குமுள்ள வியாபாரிகளிடம் செல்லும் வழியும் அகன்றது.

இத்தகைய கிணறுகள் பலவற்றின் அருகே மண்ணெண்ணெயில் ஓடும் சிறு எஞ்சின் ஒன்றும் அதனோடு பொருத்தப்பட்ட பம்பியும் இருத்தலைக் காணலாம். வெங்காயக் குமிழ் பருக்கும் வேளையில் அந்த எஞ்சின் நின்றுவிடின், கராச்சிலே முறை வருமட்டும் பயிர் காத்திராது. நான்கைந்து நாள் நீரின்றிக் கிடந்த பாத்தியின் விளைச்சற் குறைவைப் பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சியும் ஈடுசெய்தல் அரிது. ஆனால் சிறு எஞ்சின்களில் ஏற்படும் கோளாறுகளுட் பல, அழுக்குக் காற்று, அழுக்கு எரிபொருள், கெட்ட ஒயில் என்னும் மூன்றினாலேயே நிகழ்கின்றன. இவை மூன்றையும் கமக்காரர் தம் வீட்டு முற்றத்திலேயே தடுத்துக்கொள்ளலாம்.

மண்ணெண்ணெயின் இயல்பு

பெற்றோல் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூட்டிலேயே நன்கு ஆவியாகும். ஆதலின், குளிர்ந்த எஞ்சினுள் மண்ணெண்ணெயை விட்டால் அதில் ஒரு பகுதி எரியாமல் திரவமாகவே நிற்கும். அது சிலிண்டரின் சுவரிலுள்ள ஒயிற் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடியிலுள்ள ஒயிலுடன் கலந்துவிடும். ஒயில் நீர்த்துப்போனபின் பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன.

இதனைத் தவிர்க்க, மண்ணெண்ணெய் எஞ்சினை எப்போதும் சிறு தாங்கியிலுள்ள பெற்றோலிலேயே இயக்கித் தொடங்குதல் வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடி எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் முறை. நிறுத்துமுன்னும் சில நிமிடம் பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றரில் எஞ்சியுள்ள மண்ணெண்ணெய் முழுவதும் எரியும்படி செய்தல் வேண்டும். இவ்வாறு செய்தால் மறுநாட் காலையில் எஞ்சின் எளிதில் இயங்கும்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை ஒரு லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதன்பின் சிறிதளவு பெற்றோலையும் மிச்சம் பிடிக்க எண்ணி, மண்ணெண்ணெயிலேயே தொடங்கி மண்ணெண்ணெயிலேயே நிறுத்துவது சிக்கனம்போலத் தோன்றும். அதனால் மிஞ்சுவது சில ரூபாவே, தேய்வது எஞ்சின். பெற்றோலுக்கென்றே செய்யப்பட்ட எஞ்சினில் மண்ணெண்ணெயைப் பயன்படுத்துதலும் தவறு. அவ்வெஞ்சினின் அமுக்கம் மண்ணெண்ணெய்க்குப் பொருந்தாது. உள்ளே அடிப்பு உண்டாகி உறுப்புகள் பழுதுறும்.

ஒயிலைப் பார்க்கும் முறை

நாள்தோறும் எஞ்சினை இயக்குமுன் அதனைச் சமதரையில் வைத்து, ஒயிற் கோலைத் துடைத்து மட்டத்தைப் பார்க்க வேண்டும். மட்டம் குறைந்திருப்பின் ஒயில் விடவேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. மட்டம் உயர்ந்திருப்பின் அது அதனினும் கூடிய எச்சரிக்கை என்பதைப் பலர் அறிவதில்லை. ஊற்றாத ஒயில் பெருகுவதில்லை, பெருகியது மண்ணெண்ணெயே. ஒரு துளியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் வழவழப்பின்றி நீர்போல் இருக்கும். மண்ணெண்ணெய் மணமும் வீசும். அத்தகைய ஒயிலை அன்றே மாற்றுதல் வேண்டும்.

புது எஞ்சினாயின் முதல் 20 மணித்தியாலம் ஓடியபின் ஒயிலை மாற்றுக. அதன் பின்னர் மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு 50 மணித்தியாலத்துக்கு ஒரு முறை மாற்றுதல் நன்று. நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் இறைப்பவர்க்கு இது ஏறக்குறைய இரு வாரத்துக்கு ஒரு முறையாகும். ஓடிய நேரத்தை ஒரு கொப்பியிற் குறித்துவந்தால் மறதிக்கு இடமிராது. சூடு முற்றும் ஆறுமுன் ஒயிலை வடித்தால் அழுக்கும் உடன் வடியும். எஸ்.ஏ.ஈ. 30 வகை ஒயில் இவ்வெப்பத்துக்குப் பெரும்பாலும் ஏற்றது. எனினும் எஞ்சினுடன் வந்த கைந்நூல் கூறும் வகையும் அளவுமே முடிவானவை. வடித்த பழைய ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றலாகாது. அது மண்ணினூடு சென்று குடிநீரைக் கெடுக்கும்.

காற்று வடிகட்டி

வரண்ட காலத்துப் புழுதி எஞ்சினுக்குப் பகை. நுண்மணல் உட்சென்றால் அது அரத்தைப்போல் சிலிண்டரை அராவும். வடிகட்டி அடைபட்டால் காற்றுக் குறைந்து, எரிபொருள் மிகுந்து, கரும்புகை எழும், மண்ணெண்ணெயும் வீணாகும்.

கடற்பஞ்சு போன்ற வடிகட்டியாயின் வாரம் ஒருமுறை சவர்க்கார நீரிற் கழுவி நிழலில் உலர்த்துக. பின்னர் சுத்தமான ஒயிலிற் சிறிது தோய்த்து, பிழிந்து பொருத்துக. கடதாசி வடிகட்டியைக் கழுவலாகாது. மெல்லத் தட்டித் தூசியை உதிர்த்தலே போதும். கிழிந்திருப்பின் புதிதாக மாற்றுக. வடிகட்டி இன்றி ஒரு நாளேனும் எஞ்சினை ஓட்டுதல் கூடாது.

எரிபொருள்

பீப்பாவின் அடியில் நீரும் துருவும் தங்கும். ஆதலின் அடிமண்டியைத் தாங்கியில் ஊற்றாது, எரிபொருளை நெருக்கமான சீலைத்துண்டு இட்ட புனலின் வழியே வடித்தூற்றுக. தாங்கியின் கீழுள்ள படிவுக் கிண்ணத்தை வாரந்தோறும் கழற்றித் துடைத்தல் வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கையிலோ, சுருட்டோ விளக்கோ அருகில் இருக்கையிலோ எரிபொருள் ஊற்றலாகாது.

எஞ்சின் இயங்க மறுப்பின்

கயிற்றைத் திரும்பத் திரும்ப இழுத்துக் களைப்பதற்கு முன் வரிசையாகச் சோதித்தல் நன்று. முதலில் நிறுத்தும் சுவிச்சையும், எரிபொருட் குழாயின் திறப்பையும், ஒயில் மட்டத்தையும் பார்க்க. ஒயில் குறைந்தால் இயங்காதபடி அமைக்கப்பட்ட எஞ்சின்களும் உள.

அடுத்துப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. அதன் முனை காய்ந்திருப்பின் எரிபொருள் வந்து சேரவில்லை என்பது பொருள். படிவுக் கிண்ணத்தையும் காபரேற்றரின் அடித் திருகாணியையும் திறந்து அடைப்பை நீக்குக. முனை நனைந்திருப்பின் எரிபொருள் மிகுந்துள்ளது, அன்றேல் தீப்பொறி இல்லை. சோக்கைத் திறந்துவிட்டு, பிளக்கை உலர்த்திப் பொருத்துக. கரி படிந்திருப்பின் காற்று வடிகட்டியைச் சோதிக்க.

கரியை நுண்ணிய கம்பித் தூரிகையால் அகற்றி, முனைகளின் இடைவெளி ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர் இருக்கும்படி செய்க. பொருத்தும்போது முதலிற் கையாலேயே திருகிப் பின் ஸ்பானரால் இறுக்கினால் புரி கெடாது. இவ்வளவு செய்தும் இயங்காவிடின் கோளாறு உள்ளே உள்ளது எனக் கொள்ளலாம். வால்வு, பிஸ்டன் வளையம், இழுகயிற்றின் சுருள்வில் ஆகியவற்றைப் பழகாதார் கழற்றலாகாது. அவை கராச்சுக்கு உரியன. எனினும் செய்து பார்த்தவற்றைத் திருத்துநரிடம் ஒழுங்காகக் கூறினால் நேரமும் பணமும் மிஞ்சும்.

பம்பியும் உறிஞ்சு குழாயும்

எஞ்சின் நன்கு ஓடியும் நீர் வாராதிருப்பின் பிழை பெரும்பாலும் உறிஞ்சு குழாயிலேயே இருக்கும். ஒரு சிறு வெடிப்போ, தளர்ந்த கிளிப்போ, தேய்ந்த வாஷரோ போதும். நீருக்குப் பதிலாகக் காற்றே உட்புகும். பம்பியில் நீர் நிரப்பாமல் எஞ்சினை ஓட்டினால் அதன் அடைப்பான் சிறிது நேரத்திலேயே சூடேறிக் கெட்டுவிடும். உறிஞ்சு குழாயின் அடிச் சல்லடை சேற்றிற் படாது, நீரில் நன்கு அமிழ்ந்திருத்தல் வேண்டும்.

மேலே வைத்த பம்பி நீரைத் தானாக இழுப்பதில்லை. குழாயினுள் காற்று குறைய, வெளிக் காற்றின் அமுக்கமே நீரை மேலே தள்ளுகின்றது. அவ்வமுக்கம் தாங்கக்கூடிய நீர்நிரல் 10.3 மீற்றர். நடைமுறையில் ஏறத்தாழ 7 மீற்றர், அதாவது 23 அடிக்கு மேல் பம்பி நீரெடுக்காது. எஞ்சினை எவ்வளவு பெரிதாக்கினும் இவ்வெல்லை மாறாது. நீர்மட்டம் இதற்குக் கீழே தாழ்ந்தால் நீர் வாராமைக்கு எஞ்சின் காரணமன்று.

எஞ்சினைக் கிணற்றினுள் இறக்கலாகாது

நீர் தாழ்ந்தவிடத்து எஞ்சினைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றினுள் இறக்கி இயக்குவோர் உளர். இது உயிரைப் பறிக்கும் செயல். எஞ்சினின் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியில் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்ளும். கிணறு எவ்வளவு அகன்றதாயினும் உள்ளே காற்றோட்டம் குறைவு. தலைச்சுற்றல் தோன்றும்போதே கைகால் தளர்ந்து ஏற முடியாமற் போகும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறையும் இங்கு உதவாது. ஆளைக் கொல்லும் அளவு இவ்வாயு இருப்பினும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எஞ்சினை நிறுத்திய பின்னும் வாயு உள்ளே தங்கியிருக்கும்.

கிணற்றினுள் ஒருவர் மயங்கி வீழ்ந்தால் அவரைத் தூக்க மற்றொருவர் இறங்குதல் இரண்டாவது சாவுக்கே வழியாகும். மேலிருந்தே கயிறு எறிந்து, அயலாரை அழைத்து, 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்சுக்கு அறிவித்தல் வேண்டும். எஞ்சினை எப்போதும் நிலமட்டத்தில், திறந்த வெளியில், புகை கிணற்றுப் பக்கம் செல்லாதவாறு வைக்க. நீர் எட்டாவிடின், நீரில் அமிழ்ந்து இயங்கும் மின்பம்பியைத் தகுதியுள்ள மின்னியலாளர் மூலம் பொருத்துதலும், கிணற்றின் நீரை அளந்து அதற்கேற்ற பரப்பில் மட்டும் நடுதலுமே வழிகள்.

போக முடிவில்

பெரும்போக மழை தொடங்கியபின் எஞ்சின் பல வாரம் ஓய்ந்திருக்கும். அப்போது தாங்கி, காபரேற்றர் இரண்டிலுமுள்ள எரிபொருளை வடித்துவிடுக. தங்கிய எரிபொருள் பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். பம்பியின் நீரையும் வடிக்க. பிளக்கைக் கழற்றித் துளையினுள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை மெல்ல இருமுறை இழுத்துப் பிளக்கைப் பொருத்துக. பின்னர் கயிறு இறுக்கமாகும் இடம்வரை இழுத்து நிறுத்தினால் வால்வுகள் இரண்டும் மூடிநிற்கும், ஈரக்காற்று உட்புகாது. எஞ்சினை மரப்பலகைமேல், மழை படாத இடத்தில் வைக்க.

ஐயம் எழுமிடத்துப் பிரிவு விவசாயப் போதனாசிரியரை அணுகுக. மகா இலுப்பள்ளமையிலுள்ள பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையம் இத்துறைக்கென்றே அமைந்ததாகும்.

காலையில் ஒயிலைப் பார்க்க ஒரு நிமிடமும், வடிகட்டியையும் குழாயையும் பார்க்க மேலும் சில நிமிடமும் போதும். பெற்றோலிற் தொடங்கிப் பெற்றோலில் நிறுத்துதல், 50 மணித்தியாலத்தில் ஒயில் மாற்றுதல், எஞ்சினைக் கிணற்றுக்கு வெளியே வைத்தல் ஆகிய மூன்றையும் வழக்கமாக்கிக்கொண்ட கமக்காரரின் எஞ்சின் நெடுங்காலம் உழைக்கும். அவர் பயிரும் வேளை தவறாது நீர் பெறும்.