வயற்பாசியும் நெல்லிலையின் பச்சையும்

கரைவாகு வட்டையிலும் சம்மாந்துறை, நிந்தவூர்ப் பகுதிகளிலும் விதைப்பு முடிந்து நீர் கட்டிய சில நாட்களில், வயலின் நீர்மேலும் சேற்றின்மேலும் பச்சை படர்வதைக் கமக்காரர் யாவரும் அறிவர். அதனை அழுக்கென்று கருதி உடனே மருந்து தெளிப்போரும் உளர். தெளிக்குமுன் அப்பச்சையை விரலால் தொட்டுப் பார்த்தல் வேண்டும். நூல்போல் இழுபட்டு வருவது பச்சைப் பாசி. அது காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்க வல்லதன்று. கருநீலம் கலந்து, கூழ்போல் வழுவழுப்பாக இருப்பது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசியாகும். பெயர் பாசியெனினும் இது பற்றீரியா இனத்தைச் சேர்ந்தது.

பசளையிடாத வயல்கள் ஆண்டுதோறும் ஓரளவு விளைவு தந்துகொண்டிருப்பது எங்ஙனம் என்னும் வினாவை எடுத்து, வங்காள வயல்களை ஆராய்ந்தவர் பி. கே. டே. இப்பாசிகளே காற்றின் நைதரசனை மண்ணிற் சேர்க்கின்றன என அவர் 1939இல் காட்டினார். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். ஏ. குலசூரிய இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர். நீலப்பச்சைப் பாசியும் நெல்லும் பற்றி அவர் றோஜர் என்பாருடன் சேர்ந்து எழுதிய நூலைப் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்டது.

நிலைமை வாய்த்தால் ஒரு போகத்தில் ஏக்கருக்கு 8 முதல் 12 கிலோ நைதரசன் இவ்வழியே சேரலாம். 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. ஆகவே இது ஏறத்தாழ அரை மூடைக்குச் சமம். ஆயினும் பாசி மடிந்து அழுகிய பின்னரே அது பயிருக்குக் கிட்டும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது பலர் மாற்று வழி தேடினர். யூரியாவின் இடத்தைப் பாசி மட்டும் நிரப்பிவிடும் என்று எவரேனும் கூறின் அதனை நம்பற்க.

இனி, நெல்லின் இலை பச்சையாயிருப்பதும் இப்பாசியின் உறவினாலேயே. இலையின் பச்சைக் கலங்களில் பச்சையவுருமணி என்னும் நுண்ணிய உறுப்புக்கள் பல உள. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வேறோர் உயிரின் கலத்துட் புகுந்து, அங்கேயே குடிகொண்ட நீலப்பச்சைப் பாசியின் வழிவந்தவை அவை. 1905இல் இரசியராகிய மெரெஷ்கோவ்ஸ்கி இவ்வாறு கூறியபோது ஏற்றவர் சிலரே. 1967இல் அமெரிக்கரான லின் மார்குலிஸ் மீண்டும் வலியுறுத்தினார். பச்சையவுருமணிக்குத் தனி டி.என்.ஏ. இருப்பதும், அது பாசியினுடையதை ஒத்திருப்பதும் பின்னர் ஐயத்தை நீக்கின.

இது வெறும் பழங்கதையன்று. களையின் இலை ஒளியைக் கொண்டு உணவாக்குவதைத் தடுக்கும் களைகொல்லிகள், அதே பொறியையுடைய நீலப்பச்சைப் பாசியையும் தாக்கக்கூடும். களைக்கென இட்ட நஞ்சு பசளை தருவதையும் கெடுத்தலாகாது; சிட்டையிற் கூறிய அளவுக்கு மேல் ஒரு துளியும் வேண்டாம்.

ஓருயிரினுள் மற்றோர் உயிர் குடியிருத்தல் இன்றும் காணப்படுகின்றது. அசோலா என்னும் நீர்ப்பன்னத்தின் இலைக்குழியில் வாழும் நீலப்பச்சைப் பாசி தனித்து வாழும் ஆற்றலை இழந்துவிட்டது. தாய்ச்செடியிலிருந்து சேய்ச்செடிக்கு உடன் செல்கின்றது. இன்னும் ஒருபடி மேலாக, கடற்பாசி ஒன்றினுள் நைதரசன் பிடிக்கும் பற்றீரியா கலத்தின் உறுப்பாகவே மாறிவிட்டதை 2024இல் அறிவித்தனர். கரையோர மணற்றரையில் கத்தரி, மிளகாய் செய்வோர் அசோலாவைத் தொட்டியில் வளர்த்துப் பாத்தியிற் புதைத்தல் நன்று.

கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியும் வேறொரு பற்றீரியாவின் வழிவந்ததே, அதற்கும் டி.என்.ஏ. உண்டென்பது 1963இல் வெளியாயிற்று. நெல்லில் அது தாய்வழியே செல்லும். 1970இல் சீனத்து ஹைனான் தீவில் மகரந்தம் மலடான காட்டு நெற்செடி ஒன்று கிடைத்தது. அம்மலட்டுத்தன்மை இழைமணியில் உள்ளது. அதனைத் தாயாகக் கொண்டே கலப்பின நெல் பெருமளவில் உண்டாக்கப்பட்டது. கலப்பின நெல்லை விதைக்கென எடுத்துவைத்தால் மறுபோகம் பயிர் ஒரு சீராக இராது. பி.ஜி. 94-1 போன்ற சாதாரண இனங்களுக்கு அத்தடை இல்லை.

பாசி தடித்து இளநாற்றை மூடுமாயின் வக்கடையைத் திறந்து இரண்டொரு நாள் நீரை வடியவிடுக. யூரியாவை ஒரே முறையிற் கொட்டாது பிரித்திடுக. மிகுந்த யூரியாவில் நைதரசன் பிடிக்கும் வேலை நின்றுவிடும். டி.எஸ்.பி. பசளை குறைவான வயலிலும் பாசி செழிக்காது.