தூதன் கேட்ட முதல் கேள்வி

எண்ணாகமம் 22-ஐ வாசியுங்கள். பிலேயாம் தன் கழுதையை மூன்று தரம் அடித்தான். கண் திறக்கப்பட்டதும் தூதனானவர் அவனிடம் முதலாவது கேட்டது என்ன? பாலாக்கின் கூலியைப் பற்றியல்ல, கழுதையை ஏன் அடித்தாய் என்பதுதான் (வச. 32). அது விலகியிராவிட்டால் பிலேயாம் செத்திருப்பான், கழுதை பிழைத்திருக்கும்!

இந்த வசனம் என்னைக் குத்தியது. ஞானஸ்நானம் எடுத்த பிறகும் செங்கல் வண்டி ஓட்டினவன் நான். மேட்டிலே மாடு படுத்துட்டா வாலை முறுக்குவேன், தார்க்குச்சியால் குத்துவேன். ஞாயிற்றுக்கிழமை அதே கையைத் தட்டி அல்லேலூயா! சத்துருவின் கழுதைக்கே உதவச் சொல்லுது யாத்திராகமம் 23:5. என் சொந்த மாட்டுக்கு?

முழங்காலில் அழுதேன். மறுநாள் தார்க்குச்சி அடுப்புக்குப் போனது. பாரத்தைப் பாதியாக்கி இரண்டு நடை அடித்தேன். முதலாளி திட்டினார், கூலியும் குறைஞ்சுது.